சின்ன டயர், பெரிய அழுத்தம்

பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். ஆனால் அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திப் பாருங்கள். காற்றடிக்கும் தம்பி ஒருமுறை வால்வைப் பார்ப்பார், ஒருமுறை நம்மைப் பார்ப்பார். "இதுக்கு இங்க வராதுண்ணே, சைக்கிள் கடைக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார். அதில் அலட்சியம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. அவர் கையிலிருக்கும் குழாயும் பின்னால் ஓடும் கம்ப்ரசரும் காருக்கும் பைக்குக்கும் என்று செய்யப்பட்டவை. சைக்கிள் டயரின் தேவை அதற்கு நேர்மாறானது.

காரின் டயரில் பொதுவாக 30 முதல் 35 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் இருக்கும். கறுப்பு நிறச் சாதா சைக்கிளுக்கு 50 பி.எஸ்.ஐ. வரை வேண்டும். மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிளுக்கு 80, 100 என்று போகும். ஒரு டன்னைத் தாண்டிய வண்டிக்கு 33 போதும், பதினைந்து இருபது கிலோ எடையுள்ள சைக்கிளுக்கு 50 வேண்டும் என்றால் முதலில் நம்ப மாட்டார்கள். ஆனால் காற்றின் அளவைப் பார்த்தால் கதை தலைகீழ். கார் டயர் ஒன்றின் உட்கொள்ளளவு முப்பது லிட்டருக்கு மேல். 28 அங்குல சைக்கிள் டியூப்பில் இரண்டு லிட்டர் சொச்சம்தான். காருக்கு நிறையக் காற்று, குறைந்த அழுத்தம். சைக்கிளுக்குக் கொஞ்சம் காற்று, கூடுதல் அழுத்தம். வால்வு, பம்பு, வாசர், கம்ப்ரசரால் வெடிக்கும் டியூப் எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளைப்பவை.

இந்தக் கூடுதல் அழுத்தம் ஏன் தேவைப்படுகிறது? டயர் தரையைத் தொடும் பரப்பை அழுத்தத்தால் பெருக்கினால் ஏறத்தாழ அந்தச் சக்கரம் தாங்கும் எடை வரும். பின்சக்கரத்தில் 55 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 பி.எஸ்.ஐ. இருந்தால் தரையில் படியும் பரப்பு சுமார் 16 சதுர செ.மீ. அழுத்தம் பாதியானால் பரப்பு இரட்டிப்பாகியே தீரவேண்டும். நாலு செ.மீ. அகலமுள்ள டயர் அந்தப் பரப்புக்கு எங்கே போகும்? தட்டையாகி, ரிம் தரையை நெருங்கும் வரை அமுங்கித்தான் அதை ஈடுகட்டும். அந்த நிலையில் ஒரு கல்லிலோ பள்ளத்தின் விளிம்பிலோ ஏறினால், ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும். ஆணி குத்தாமலே பஞ்சர். கடைக்காரர் டியூப்பைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, "காத்து கம்மியா ஓட்டியிருக்கீங்க" என்று சொல்வது இந்த ஜோடி ஓட்டையை வைத்துத்தான். கார் டயருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதற்கு அகலமும் உண்டு, உயரமும் உண்டு. உள்ளங்கை அளவு தரையில் பதிந்தாலும் ரிம் வெகுதூரத்தில் இருக்கும்.

காற்று எடையைத் தாங்கும் விதத்தில் ஒரு புதிர் உண்டு. டயருக்குள் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒன்றுதான். ரிம்மின் அடிப்பக்கத்தை எவ்வளவு மேலே தள்ளுகிறதோ, மேல்பக்கத்தை அவ்வளவு கீழேயும் தள்ளுகிறது. ஆள் ஏறி உட்கார்ந்தால் உள்ளே அழுத்தம் கூடிவிடும் என்று நினைப்போம், கூடுவது பெயரளவுக்குத்தான். பிறகு எடையைத் தாங்குவது எது? டயரின் பக்கச் சுவர்கள். காற்று நிரம்பிய டயரின் சுவர்கள் ரிம்மைச் சுற்றிலும் வெளிநோக்கி இழுத்துப் பிடித்திருக்கின்றன. தரையைத் தொடும் இடத்தில் மட்டும் சுவர் பிதுங்கி, கீழ்நோக்கிய இழுப்பு தளர்கிறது. மேல்நோக்கிய இழுப்பு குறையாமல் இருப்பதால் ரிம் மேலே நிற்கிறது. சைக்கிள் ஓட்டுகிறவர் காற்றின் மேல் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வது பேச்சுக்குச் சரி. உண்மையில் அவர் டயர் துணியில் தொங்கிக்கொண்டிருக்கிறார். அந்தத் துணியை விறைப்பாக வைத்திருப்பது மட்டுமே காற்றின் வேலை.

அந்த விறைப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. டயர் துணியில் ஏறும் இழுவிசை, அழுத்தத்தையும் டயர்க் குழலின் ஆரத்தையும் பெருக்கி வருவது. கார் டயரின் ஆரம் பெரிது என்பதால் 33 பி.எஸ்.ஐ.யிலேயே அதன் உடல் மீது பெரும் இழுவிசை விழுகிறது. அதைத் தாங்க எஃகுக் கம்பி வேண்டியிருக்கிறது. சைக்கிள் டயரின் ஆரம் இரண்டே செ.மீ.; அதனால் 50 பி.எஸ்.ஐ.யைக்கூட மெல்லிய துணி தாங்கிவிடுகிறது. டயர் ஒல்லியாக ஆக அழுத்தத்தை ஏற்றலாம். தடிமனாக ஆகக் குறைத்தாக வேண்டும். மலைப்பாதை சைக்கிளின் தடித்த டயரில் பந்தய சைக்கிளின் அழுத்தத்தை ஏற்றுவது அந்த டயரை வெடிக்கச் சொல்லிக் கேட்பதுதான்.

இனி வால்வு. காற்று டயரை முதலில் யோசித்தவர் ஸ்காட்லாந்தின் ராபர்ட் வில்லியம் தாம்சன். குதிரை வண்டிகளுக்காக 1845-ல் காப்புரிமையும் வாங்கினார். சைக்கிள் பரவாத காலம் என்பதால் அது எடுபடாமல் மறந்துபோனது. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக 1887-88-ல் அதையே மறுபடி கண்டுபிடித்தார். 1889-ல் வில்லி ஹ்யூம் என்ற வீரர் இந்த டயரைப் போட்டுக்கொண்டு பெல்ஃபாஸ்டில் பந்தயங்களை வென்ற பிறகு, கெட்டி ரப்பர் டயரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தாம்சனின் பழைய உரிமை வெளியே வந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. ஆனால் டயரின் மேல் பெயர் அவருடையதாகவே நின்றுவிட்டது. உலகம் எப்போதும் இரண்டாவது ஆளைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது என்று தாம்சன் பக்கம் சாய்ந்து நினைக்கத் தோன்றுகிறது. தாம்சன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

டயர் வந்ததும் அடுத்த தலைவலி வந்தது: உள்ளே போன காற்று வெளியே வரக்கூடாது, ஆனால் வேண்டும்போது இன்னும் உள்ளே போகவேண்டும். 1890களில் இதற்கு மூன்று நாடுகளில் மூன்று விடைகள் பிறந்தன. மூன்றும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது இங்கிலாந்தின் வுட்ஸ் வால்வு. டன்லப் வால்வு என்றும் சொல்வார்கள். நம் ஊர்ச் சாதா சைக்கிளில் இருப்பது இதுதான். 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் முருகப்பா குழுமமும் சேர்ந்து சென்னையில் சைக்கிள் நிறுவனம் தொடங்கின. அதன் வண்டிகள் ஆங்கிலேய வார்ப்பு என்பதால் வால்வும் ஆங்கிலேய வால்வாகவே இருந்ததில் வியப்பில்லை. டியூப்பில் ஒட்டிய குழாய்க்குள் ஒரு சிறு தண்டு இறங்கும். தண்டின் நடுத்துளை அடிவரை போகாமல் பக்கவாட்டில் திறக்கும். அந்தப் பக்கத் துளையை மூடிக்கொண்டு இறுக்கமாக மாட்டிய ரப்பர் குழல்தான் வால் டியூப். பம்பின் காற்று பக்கத் துளை வழியே வந்து ரப்பரைச் சற்று விலக்கி உள்ளே போகும். பம்பை நிறுத்தினால் உள்ளே இருக்கும் காற்றே ரப்பரைத் துளையின்மேல் அமுக்கி மூடிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏற ஏற மூடியும் இறுகும். நாலணா ரப்பரில் இவ்வளவு நுட்பம்!

அந்த ரப்பரே இந்த வால்வின் பலவீனமும்கூட. வெயிலில் காய்ந்து வெடிப்பு விடும், தண்டோடு ஒட்டிக்கொள்ளும். இரவில் நிறுத்திய சைக்கிள் காலையில் காற்று இறங்கி நின்றால், பஞ்சர் என்று டியூப்பைக் கழற்றுவதற்கு முன் வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சில் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். குமிழி வந்தால் வால் டியூப்பை மாற்றினால் போதும். அந்த நீளமான ரப்பர் குழலைச் சிறுவர்கள் தண்ணீர் பீய்ச்சவும் வைத்துக்கொள்வார்கள் என்பதால் கடைக்காரர்கள் கண்ணில் படாத இடத்தில்தான் வைத்திருப்பார்கள்.

வுட்ஸ் வால்வின் இன்னொரு குணம் பலருக்குத் தெரியாது. அதன் வழியாக அழுத்தத்தை அளக்க முடியாது. உள்ளே இருக்கும் காற்று வால் டியூப்பைத் தாண்டி வெளியே வராது என்பதால் மீட்டருக்கு எதுவும் எட்டாது. பம்படிக்கும்போது மீட்டரில் காட்டுவதும் ரப்பரை விலக்கத் தேவைப்பட்ட அழுத்தத்தையும் சேர்த்துத்தான், அதாவது உள்ளிருப்பதைவிடக் கூடுதலாக. சைக்கிள் கடையில் மீட்டர் இல்லாமல் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்து "போதும்" என்று சொல்வதற்கு இதுதான் காரணம். அனுபவமுள்ள கட்டைவிரல் சாதா சைக்கிளுக்குப் போதும். ஆனால் 60-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசத்தை விரல் சொல்லாது. அதற்குமேல் எல்லாமே கல்தான்.

இரண்டாவது அமெரிக்காவின் ஷ்ரேடர் வால்வு. நியூயார்க்கில் ரப்பர், பித்தளைச் சாமான்கள் செய்துகொண்டிருந்த ஆகஸ்ட் ஷ்ரேடரின் தொழிற்கூடத்திலிருந்து வந்தது. கார், பைக், ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் இதுதான். உள்ளே ஸ்பிரிங்கும் ஊசியும் இருக்கும். ஊசியை அமுக்கினால் திறக்கும், விட்டால் ஸ்பிரிங் மூடும். பங்கில் உள்ள குழாய் முனையில் இந்த ஊசியை அமுக்க ஒரு மேடு இருக்கிறது. அதனால்தான் அது பைக்கில் கச்சிதமாகப் பொருந்தி, மீட்டரில் எண்ணும் காட்டுகிறது. வுட்ஸ் வால்வில் அமுக்குவதற்கு ஊசியும் இல்லை, அந்தக் கனத்தில் வாயும் இல்லை. பங்குத் தம்பி நம்மைத் திருப்பி அனுப்பியது இதனால்தான். இப்போது வரும் கியர் சைக்கிள், தடித்த டயர் சைக்கிள் பலவற்றில் ஷ்ரேடர்தான் என்பதால் அவற்றுக்குப் பங்கில் அடிக்க முடியும். முடியும் என்பதும் அடிக்கலாம் என்பதும் ஒன்றல்ல. அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாவது, பிரான்ஸின் எத்தியென் ஸ்க்ளாவரான் செய்தது. பிரெஸ்டா என்ற பெயரில் பந்தய சைக்கிள்களில் காணப்படுவது. இது ஒல்லியானது. ஷ்ரேடருக்கும் வுட்ஸுக்கும் ரிம்மில் எட்டரை மி.மீ. துளை வேண்டும், பிரெஸ்டாவுக்கு ஆறரை போதும். ஒல்லியான ரிம்மில் சிறிய துளை என்றால் ரிம்மின் வலிமை குறையாது. ஸ்பிரிங் கிடையாது, டயரின் சொந்த அழுத்தமே மூடிவைக்கிறது. தலையில் இருக்கும் சிறு நட்டைத் தளர்த்தினால்தான் காற்று போகும். புதிதாக வாங்கியவர்கள் நட்டைத் தளர்த்தாமல் பம்பை மாட்டிவிட்டு, "பம்பு கெட்டுப்போச்சு" என்று கடைக்கு வருவது வழக்கமான காட்சி. நட்டைத் தளர்த்திய பிறகு ஊசியை ஒருமுறை தட்டிவிட வேண்டும். நாள்பட்ட அழுத்தத்தில் அது இருக்கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங்கை எதிர்க்க வேண்டியதில்லை என்பதால் உயர் அழுத்தத்துக்குக் கைப்பம்பால் அடிக்கப் பிரெஸ்டா சுகமானது. ஆனால் ஊசி மெல்லியது. பம்பைச் சாய்த்து இழுத்தால் வளைந்துவிடும். பித்தளை அடாப்டர் ஒன்றைத் திருகிக்கொண்டால் பிரெஸ்டாவுக்கும் ஷ்ரேடர் குழாயால் அடிக்கலாம்.

நெதர்லாந்திலும் ஜப்பானிலும் அன்றாட சைக்கிள்களில் இன்றும் வுட்ஸ் வால்வுதான் ஓடுகிறது. பழசு என்று ஒதுக்க வேண்டியதில்லை.

பம்புக்கு வருவோம். சைக்கிள் கடையில் அடிப்பலகையை இரு காலாலும் மிதித்துக்கொண்டு, மரக் கைப்பிடியைப் பிடித்து அடிக்கும் பம்பின் உயிர் அதன் தோல் வாசரில் இருக்கிறது. கைப்பிடியை மேலே இழுக்கும்போது கிண்ணம் போன்ற தோல் குடைபோலச் சுருங்கி, ஓரமாகக் காற்றைக் கீழே விடும். கீழே அமுக்கும்போது விரிந்து குழாயின் சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். தனியாக ஒரு வால்வு வைக்க வேண்டிய இடத்தில் தோலே வால்வாக வேலை செய்கிறது. தோல் காய்ந்தால் விரியாது. அதனால்தான் அவ்வப்போது கொஞ்சம் எண்ணெய் விடுகிறார்கள்.

பம்பின் உள்விட்டம் 3 செ.மீ., நீளம் 50 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால் ஒரு அடியில் 350 மில்லி லிட்டர் காற்று கிடைக்கும். முழுதும் இறங்கிய 28 அங்குல டியூப்பை 50 பி.எஸ்.ஐ.க்கு ஏற்ற வெளிக்காற்றில் பத்து லிட்டர் தேவை. அதாவது முப்பது அடிக்குள். ஆனால் எல்லா அடியும் ஒன்றல்ல. டயரில் 50 பி.எஸ்.ஐ. இருக்கும்போது, வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் உண்மையான அழுத்தம் 65. வெளியே இருப்பதைப் போல 4.4 மடங்கு. பம்புக்குள் இருக்கும் காற்றும் அந்த அளவுக்கு நெருங்கினால்தான் வால்வு திறக்கும். 1662-ல் ராபர்ட் பாயில் சொன்ன விதிப்படி காற்றின் இடம் 4.4 மடங்கு குறைய வேண்டும். 50 செ.மீ. நீளத்தில் முதல் 39 செ.மீ. அமுக்கும் வரை ஒரு பொட்டுக் காற்றும் டயருக்குள் போகாது! கடைசி 11 செ.மீ.தான் சம்பாத்தியம். அமுக்கும்போது காற்று சூடேறுவதால் நடைமுறையில் சற்று முன்னாலேயே வால்வு திறக்கும். ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு தூரம் வீண்தான். சிறுவர்கள் கைப்பிடியைப் பாதிவரை மட்டும் மேலும் கீழும் வேகவேகமாக ஆட்டி, வியர்த்து ஊற்றியும் டயர் ஏறாமல் நிற்பார்கள். பம்பு அவர்களை ஏமாற்றவில்லை. அடிவரை அமுக்காத அடி எதுவும் கணக்கில் சேராது.

அந்தக் கடைசிப் பகுதியில்தான் பலமும் தேவைப்படும். 3 செ.மீ. பம்பில் 50 பி.எஸ்.ஐ.யை எதிர்த்து அமுக்க 25 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 100-க்கு 50 கிலோ. சராசரி ஆளின் உடல் எடையையே சாய்த்து நிற்க வேண்டியிருக்கும். பந்தய சைக்கிள் பம்புகள் ஒல்லியாக இருப்பதற்கு அழகு காரணமில்லை. விட்டத்தை 2 செ.மீ. ஆக்கினால் 100 பி.எஸ்.ஐ.க்கு 22 கிலோ விசை போதும். அடிகளின் எண்ணிக்கை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போகும். தடித்த டயருக்குத் தடித்த பம்பு, ஒல்லி டயருக்கு ஒல்லிப் பம்பு. இரண்டுக்கும் ஒரே பம்பு என்று விற்பவை இரண்டிலும் அரைகுறை.

அடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். உராய்வினால் என்று பலரும் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல. காற்றை அமுக்க நாம் செலவிட்ட வேலை காற்றின் வெப்பமாகிறது. சூடு கொஞ்சமும் வெளியே கசியாது என்று கணக்குப் போட்டால், 30 டிகிரியில் இருக்கும் காற்று, அதன் அழுத்தம் 4.4 மடங்கு ஆகும்போது 190 டிகிரியைத் தொடும். தென்கிழக்கு ஆசியாவில் மக்கள் இதே தத்துவத்தில் நெருப்புண்டாக்கினார்கள்: ஒரு பக்கம் மூடிய குழலில் பஞ்சை வைத்துத் தண்டை ஓங்கி அடித்தால் பஞ்சு பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமல் எரிபொருள் பற்றுவதும் இதனால்தான். இப்போது பேட்டரியில் ஓடும் உள்ளங்கை அளவு மின்பம்புகள் வந்திருக்கின்றன. சிறிய பிஸ்டன் வெகுவேகமாக ஓடுவதால் அவற்றின் முனை இரண்டு மூன்று நிமிடத்தில் கையைச் சுட்டுவிடும்.

கம்ப்ரசர் விஷயம். பங்கிலோ பஞ்சர் கடையிலோ உள்ள தொட்டியில் நூறு பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று காத்திருக்கும். முப்பது லிட்டர் கார் டயரை 33-க்கு ஏற்ற அது நேரமெடுத்துக்கொள்ளும். மனிதக் கண் மீட்டரைப் பார்த்து நிறுத்த அவகாசம் உண்டு. அதே வேகத்தில் இரண்டு லிட்டர் டியூப்புக்குள் காற்று பாய்ந்தால் சில நொடிகளில் எல்லை தாண்டிவிடும். டயரின் ஓரம் ரிம்மில் எங்காவது சரியாக உட்காராமல் இருந்தால் அந்த இடத்தில் டியூப் பிதுங்கி, தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தத்தோடு வெடிக்கும். அதனால் கம்ப்ரசரில் அடித்தே ஆகவேண்டும் என்றால் குழாயைப் பிடித்துக்கொண்டே இருக்கக்கூடாது. விட்டுவிட்டு அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டயர் சுற்றிலும் ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்ப்ரசரின் அவசரமே தேவைப்படும் இடமும் ஒன்று உண்டு: டியூப்லெஸ் டயர். ரிம்மோடு டயர் ஓரம் ஒட்டி அடைபடும் வரை காற்று ஓரங்களில் கசிந்துகொண்டே இருக்கும். கசிவதைவிட வேகமாகக் காற்று பாய்ந்தால்தான் டயர் ஓரம் 'டப்' என்று எகிறி இருக்கையில் உட்காரும். கைப்பம்பால் அடித்துக்கொண்டே இருப்போம். டயர் சட்டை செய்யாது.

பந்தயக்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பியும் இப்படி ஒரே பாய்ச்சலில் நிரப்பும் வகைதான். 16 கிராம் குப்பி ஒன்று ஒல்லியான பந்தய டயரை நூறைத் தாண்ட வைக்கும். நம் 28 அங்குல டியூப்பை 45 பி.எஸ்.ஐ. வரைதான் கொண்டுபோகும். விரியும் வாயு குளிரும் என்பதால் குப்பியின் மேல் உறைபனி படியும். வெறுங்கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளலாம். இந்த வாயு ரப்பரில் எளிதில் கரைந்து ஊடுருவி வெளியேறிவிடும். ஓரிரு நாளில் டயர் தளரும். வீடு வந்ததும் இறக்கிவிட்டுச் சாதாரணக் காற்றை அடிப்பதே வழி. அதே சமயம், பங்குகளில் காசு வாங்கிக்கொண்டு அடிக்கும் நைட்ரஜன் சைக்கிளுக்கு வீண். நாம் சும்மா அடிக்கும் காற்றில் 78 சதவீதம் ஏற்கெனவே நைட்ரஜன்தான்.

ஓட்டை எதுவும் இல்லாமலே டயர் மெல்ல இறங்குவதும் ஊடுருவலால்தான். 1937-ல் அமெரிக்காவில் உருவான பியூட்டைல் ரப்பர் இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு குறைவாகக் காற்றை விடுகிறது. இன்றைய டியூப்கள் பெரும்பாலும் அதில்தான் செய்யப்படுகின்றன. அப்படியிருந்தும் சிறிய கொள்ளளவில் கூடுதல் அழுத்தம் என்பதால் ஒல்லி டயர் வாரம் ஒருமுறையாவது பம்பைத் தேடும். கார் மாதக்கணக்கில் சமாளிக்கும். பம்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தத்துக்கு மட்டும் பதற வேண்டியதில்லை. அதில் பெரும்பங்கு பம்பின் குழாயில் மிஞ்சிய காற்று.

வெயிலில் நின்ற சைக்கிள் டயர் வெடித்துவிட்டது என்பார்கள். 30 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. அடித்த டயர் வெயிலில் 60 டிகிரி வரை சூடானால் அழுத்தம் 56 ஆகும், அவ்வளவுதான். நல்ல டயர் அதற்கு வெடிக்காது. வெடித்ததென்றால் துணி கிழிந்திருந்தது, அல்லது ஒட்டுப்போட்ட பசை இளகியது, அல்லது ஏற்கெனவே அளவுக்கு மீறி அடித்திருந்தது.

அப்படியானால் எவ்வளவு அடிப்பது? டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது மேல் எல்லை. அதுவே இலக்கு அல்ல. கல்லாக இறுக்கினால் வேகம் வரும் என்ற நம்பிக்கை பந்தய உலகிலேயே உடைந்துவிட்டது. வழவழப்பான தளத்தில் அது ஓரளவு உண்மை. நம் சாலைகளில் ஒவ்வொரு மேட்டுக்கும் சைக்கிளும் ஆளும் எகிறி விழுவதில் அந்த லாபம் போய்விடும். 23 மி.மீ. டயரில் நூறுக்கு மேல் அடித்துக்கொண்டிருந்த தொழில்முறை வீரர்கள் இன்று 28, 30 மி.மீ. டயரில் குறைந்த அழுத்தத்தில் ஓட்டுகிறார்கள். அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் பெர்ட்டோ சொன்ன அளவுகோல் எளிது: ஆள் உட்கார்ந்தபின் டயரின் உயரத்தில் 15 சதவீதம் அமுங்க வேண்டும். நாலு செ.மீ. டயர் என்றால் ஆறு மி.மீ. சுவரில் சாய்ந்து சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொன்னால் போதும். பின்சக்கரம் அதிக எடையைத் தாங்குவதால் அதற்குச் சற்றுக் கூடுதலாகவும், முன்சக்கரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் அடிக்க வேண்டும். கேரியரில் அரிசி மூட்டை ஏறும் நாளில் பின்னால் இன்னும் நாலைந்து அடி.